எப்.ஏ. தேறாத கணித மேதை

 

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் பங்கில் சில வீடுகளில் மிட்டாய் வழங்கப்படுகிறது. சில வீடுகளில் அடுப்பே எரிவதில்லை. தேறாத பிள்ளையின் பையில் நாலு துணியை வைத்து ஓசூருக்கோ, திருப்பூருக்கோ, பெங்களூருக்கோ பஸ் ஏற்றிவிடுவது நம் தருமபுரி மாவட்டத்தில் பல குடும்பங்களில் நடப்பதுதான். அந்தப் பிள்ளைக்கு எதில் ஆசை, எதைக் கையில் எடுத்தால் பசியையும் மறந்து உட்காருவான் என்று அன்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவன் சொல்லும் மனநிலையில் இருப்பதில்லை.

அத்தகைய பிள்ளைகளை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கல்லூரிப் படிப்பின் முதற்படியையே தாண்ட முடியாமல் மீண்டும் மீண்டும் தோற்றவர், பிற்காலத்தில் உலகம் போற்றும் கணித மேதையானார். அவர்தான் சீனிவாச இராமானுஜன். வைணவக் குடும்பத்தில் பிறந்து நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வணங்கிய ஒருவரின் வரலாறு பங்கு மலரில் எதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். அறிவுக்கு வேலி கட்டுவது நமக்கு உடன்பாடன்று. மேலும், அவர் பிறந்த ஊர் தொலைவிலும் இல்லை. சேலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கே தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இராமானுஜன் பிறந்தார்.

தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். மகன்மீது உயிரையே வைத்திருந்தவர். இரண்டு வயதில் குழந்தைக்கு அம்மை கண்டது. அந்நோய் பல குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது, இக்குழந்தை பிழைத்தது. குடும்பம் வாழ்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில், திண்ணையுடன் கூடிய ஒரு சிறு வீட்டில். வருமானம் போதாமல், கல்லூரியில் படிக்கும் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டு, அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் குடும்பம் நடந்தது. அப்படித் தங்கிய மாணவர்களிடம் சிறுவன் இராமானுஜன் கணக்குக் கேட்கத் தொடங்கினார். பதினொரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று! பிறகு லோனி என்பவர் எழுதிய திரிகோண கணிதப் புத்தகம் கிடைத்தது. பதின்மூன்று வயதில் அதையும் முடித்துவிட்டார்.

1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்தபோது, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று எழுந்து கேட்டாராம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும் முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் முட்டாமல் மோதாமல் பள்ளிக் கால அட்டவணை போடும் வேலையை மூத்த கணித ஆசிரியர் இவரிடமே ஒப்படைத்ததும் உண்டு. அந்த ஆசிரியரைப் பாராட்டத் தோன்றுகிறது. பையனிடம் ஒரு திறமை இருக்கிறது என்று கண்டவர், அவன் தோளைத் தட்டிக் கொடுத்ததோடு நிற்காமல் அந்தத் திறமைக்கு ஒரு வேலையும் கொடுத்தாரே!

அந்த வயதில் நடந்த வேறொரு நிகழ்ச்சி நம் உள்ளத்தைத் தொடுகிறது. திரிகோண கணிதத்தில் ஓர் உண்மையைத் தாமாகவே கண்டுபிடித்து, தாளில் எழுதிப் பெருமையோடு வைத்திருந்தார் இராமானுஜன். அது சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்லர் என்னும் ஐரோப்பிய மேதை கண்டு சொன்னதுதான் என்று பின்னர் தெரியவந்தது. வெட்கம் தாளாமல் அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்து வைத்துவிட்டாராம்! வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? துணைக்கு ஒருவரும் இல்லாமல் ஆய்லர் நடந்த வழியில் ஒரு பள்ளிச் சிறுவன் நடந்திருக்கிறான். ஆனால் அதைச் சொல்லித் தேற்ற அன்று அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

1903-இல், பதினாறு வயதை நெருங்கும்போது, நண்பர்கள் வாயிலாகக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் எழுதியது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை எப்படி நிரூபிப்பது என்ற விளக்கம் அநேகமாக இல்லை. அப்புத்தகத்தைப் பேரிலக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தொகுத்தது. நம் கடைகளில் விற்கும் நோட்ஸ் போன்றது என்றே சொல்லலாம். வேறு எந்த மாணவனும் மனப்பாடம் செய்துவிட்டு மூடிவைத்திருப்பான். இராமானுஜனோ விளக்கம் இல்லாத குறையையே தமக்குக் கிடைத்த வேலையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முடிவையும் தாமே நிரூபித்துப் பார்த்தார். போகிற போக்கில் அதில் இல்லாத புதிய முடிவுகளும் கிடைத்தன. அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். அந்த நோட்டுதான் பின்னாளில் அவரைக் கடல் கடக்க வைத்தது.

காகிதம் வாங்க வசதி ஏது? திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு போடுவார். பலப்பம் தேயத் தேய எழுதுவார். துணி தேடாமல் முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துக் காய்ப்பேறி இருந்ததாம். கணக்கு முடிந்தபின் விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். சாப்பாட்டுக்கே திண்டாடும்போது மாதம் நாலு ரீம் காகிதத்துக்கு எங்கே போவது என்று பின்னொரு நாள் நண்பர் ஒருவரிடம் சொன்னதாகப் படிக்கிறோம். வழிமுறைகள் யாவும் சிலேட்டோடு அழிந்துபோக, விடைகள் மட்டுமே நோட்டில் நின்றதால் பிற்காலக் கணித அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று!

1904-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்; பள்ளியில் கணிதப் பரிசும் பெற்றார். தேர்வில் கொடுக்கக்கூடிய முழு மதிப்பெண்ணும் இவருக்குப் போதாது என்று தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பரிசளிப்பு விழாவில் புகழ்ந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் எப்.ஏ. வகுப்பில் இடம் கிடைத்தது. பி.ஏ. படிப்புக்கு முன்னால் அக்காலத்தில் இருந்த இரண்டாண்டு வகுப்புதான் எப்.ஏ. இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றுதான் அந்த ஏழைக் குடும்பம் நம்பியிருக்கும்.

நடக்கவில்லை. ஆங்கிலம், வரலாறு, உடலியல் என்று எந்த வகுப்பு நடந்தாலும் அவர் கை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவிச் சம்பளம் நின்றது. கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை. 1905-இல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். மகனைக் காணோம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு! தேர்வு முடிவுக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகளைப் பற்றி இன்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த வரிசையில் இராமானுஜனும் ஒருவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

திரும்பி வந்தபின் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு எப்.ஏ. தேர்வு எழுதினார், தோல்வி. 1907-இல் தனியாக எழுதினார், மீண்டும் தோல்வி. அத்துடன் கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது.

இங்கே இளைஞர்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விருப்பமான ஒன்றில் மூழ்கிவிட்டால் மற்றப் பாடங்களைக் கைவிட்டாலும் பரவாயில்லை என்று இராமானுஜனைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. அவர் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. எப்.ஏ. தேறாததற்கு அவர் கொடுத்த விலை ஆறு ஆண்டுகள்! அந்த ஆறு ஆண்டுகளும் வேலையில்லை, பட்டமில்லை, நல்ல நூலகம் இல்லை, வழிகாட்ட ஆசிரியர் இல்லை. தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று பார்த்தார். புத்தகத்தில் உள்ள வழியை விட்டுவிட்டுத் தம் வழியில் எங்கோ போய்விடுவார் என்பதால் அதுவும் கைகொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் இன்னும் சில மதிப்பெண் எடுத்திருந்தால் அந்த ஆண்டுகள் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

ஆனால் பிழை அவருடையது மட்டுமா? கணிதத்தில் இத்தகைய ஆற்றல் படைத்த ஒரு மாணவனை, உடலியலில் தேறவில்லை என்பதற்காக வெளியே நிறுத்திய அந்தத் தேர்வு முறையை என்னவென்று சொல்வது? பிற்காலத்தில் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டி இதைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். இராமானுஜன் இளமையில் இறந்தது பெரிய சோகமன்று. பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை, ஒரு கணித அறிஞனின் அறிவு கூர்மையாக வளரும் ஆண்டுகளில், வழிகாட்டுவார் இன்றி அவர் வீணடிக்கப்பட்டதே உண்மையான சோகம் என்பது அவர் கருத்து. அந்நாளில் இராமானுஜன் கண்டுபிடித்தவற்றில் ஒரு பெரும் பங்கு ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. பழைய புத்தகம் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டவருக்கு அது எப்படித் தெரியும்? ஹார்டியின் கருத்தை நாம் முழுதும் ஒப்பவில்லை. அந்த நோட்டுகளில் புதியனவும் ஏராளமாக இருந்தன என்று பின்வந்தோர் காட்டிவிட்டனர். ஆயினும் நம் பிள்ளைகளின் பதினெட்டு வயதை நினைக்கும்போது அவர் சொல் நெஞ்சில் உறுத்தவே செய்கிறது.

1909-ஆம் ஆண்டு ஜூலையில் குளித்தலை அருகே இராஜேந்திரம் என்னும் ஊரைச் சேர்ந்த ஜானகி என்ற சிறுமியை மணமுடித்து வைத்தார் தாயார். அக்கால வழக்கப்படி நடந்த பால்ய விவாகம் அது. மறு ஆண்டு தொடக்கத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது, பணம் இல்லை, மருத்துவர் ஒருவர் கட்டணம் வாங்காமல் செய்தார். இனி வேலை தேடியே ஆகவேண்டும். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார் இராமானுஜன். எழுதிக் குவித்ததை வீட்டிலேயே பூட்டி வைத்திருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்த நடையையும் அவருடைய கணிதத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது நம் கருத்து.

நம் அனுமந்தீர்த்தம் வழியே ஓடும் தென்பெண்ணை ஆறு கிழக்கே போய்த் திருக்கோவிலூரைத் தொடுகிறது. அவ்வூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. 1910-இல் இராமானுஜன் அவரிடம் போய்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார்! இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் போட்டு நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னையிலுள்ள கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். மறுப்பிலும் இப்படி ஒரு நல்ல மறுப்பு உண்டு.

அந்தக் கடிதங்கள் கைமாறி, நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குட்டையான பருத்த உருவம், சவரம் செய்யாத முகம், அழுக்கேறிய ஆடை, கக்கத்தில் கிழிந்த நோட்டு, ஆனால் ஒளிவீசும் கண்கள் என்று அந்த முதல் சந்திப்பை ராவ் பின்னாளில் எழுதி வைத்தார். முதலில் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. எங்காவது பார்த்து எழுதியதோ என்ற ஐயம்! சில முறை சந்தித்தபின் ஐயம் தெளிந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். பட்டினி கிடக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க ஏதேனும் வழி செய்தால் போதும் என்பதே பதில். மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துவந்தார் ராவ். 1911-இல் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. எப்.ஏ. தேறாதவர் எழுதிய கட்டுரை!

பிறர் கையை எதிர்பார்த்து வாழ அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்குப் போடுவார்களாம். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரும் இந்த எழுத்தர் சாதாரண எழுத்தர் அல்லர் என்பதை உணர்ந்து துணை நின்றார். ஓர் அலுவலகத்தில் மேலதிகாரிகள் இப்படியும் இருந்திருக்கிறார்கள்!

அவர்கள் தூண்டுதலால் இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் எழுதப்பட்டன. இருவர் எந்தக் கருத்தும் சொல்லாமல் தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டனர். மூன்றாவது கடிதம் 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு எழுதியது. நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகள் அதில் இருந்தன, நிரூபணம் ஒன்றுகூட இல்லாமல்! ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு உட்கார்ந்து படித்தனர். சில ஏற்கனவே தெரிந்தவை; சில தவறானவை; ஆனால் சிலவற்றைப் போன்ற எதையும் அவர்கள் அதுவரை கண்டதே இல்லை. எழுதியவர் முதல்தர மேதை என்று அந்த இரவிலேயே அவர்கள் முடிவு கட்டிவிட்டனர்.

ஹார்டியின் பதில் வந்ததும் சென்னையில் காட்சி மாறிற்று. வானிலை ஆராய்ச்சித் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் பரிந்துரைத்தார். எப்.ஏ.கூடத் தேறாத ஒருவருக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது சென்னைப் பல்கலைக் கழகம். விதியைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க முடியாது. அங்கே யாரோ சிலர் விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனிதனைப் பார்த்திருக்கிறார்கள்.

கடல் கடப்பது ஆசாரக் குடும்பத்துக்குப் பெரும் தடை. தாயார் கனவொன்று கண்டு, மகனைத் தடுக்க வேண்டாம் என்று தேவியே ஆணையிட்டதாகக் கூறி விடை கொடுத்தார் என்பர். 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் இராமானுஜன் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை. அதில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்து சேருமாறு ஏற்பாடு செய்துவிட்டே கப்பல் ஏறினார்.

ஹார்டியின் வேலை எளிதாக இருக்கவில்லை. கடினமான கணிதத்தில் உச்சியில் நின்றவருக்கு, கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த சில அடிப்படைகளே தெரியாமல் இருந்தன. நிரூபணம் என்றால் என்ன என்பதையே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிகமாகக் கற்பித்தால் அந்த ஊற்று வறண்டுவிடுமோ என்ற அச்சம் வேறு. பள்ளிகளில் பாடம் நடத்தும் நம் ஆசிரியப் பெருமக்கள் இந்த அச்சத்தைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அங்கே அவர் சாதித்தவற்றில் ஒன்றை மட்டும் எளிமையாகச் சொல்லிப் பார்ப்போம். கையில் ஐந்து மாங்காய் இருக்கிறது. அவற்றை எத்தனை விதமாகக் கூறு கட்டலாம்? ஐந்தும் ஒரே கூறு, நாலும் ஒன்றும், மூன்றும் இரண்டும், மூன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டும் மூன்று ஒற்றைகளும், ஐந்தும் ஒற்றை ஒற்றையாக. ஆக ஏழு விதம். பத்து மாங்காய் என்றால் 42 விதம். நூறு என்றால் 19,05,69,292 விதம்! இருநூறு மாங்காயை எண்ணிக் கூறு கட்ட நினைத்தால் ஆயுள் போதாது. இந்த எண்ணிக்கையைக் கணக்கிட இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டு 1918-இல் வெளியிட்டனர். மக்மகோன் என்ற அறிஞர் இருநூறுக்கு உரிய விடையைக் கையாலேயே கணக்கிட்டு 39,72,99,90,29,388 என்று கண்டிருந்தார். சூத்திரத்தின்படி போட்டுப் பார்த்தபோது அதே விடை வந்தது. சந்தையில் கூறு கட்டி விற்பவருக்கும் விளங்கும் கேள்வி. உலக மேதைகளைத் திணறடித்த விடை!

1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் அவருக்குக் கிடைத்தது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்! 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமை பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். வயது முப்பது. அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் ஆனார். அந்த இடத்துக்கு அதுவரை எந்த இந்தியரும் வந்ததில்லை.

இவ்வளவு புகழும் அவரை வந்தடைந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். முதல் உலகப் போர் நடந்த காலம். சைவ உணவு கிடைப்பது அரிது. தாமே சமைப்பார், வேலையில் ஆழ்ந்துவிட்டால் சமையலையும் மறந்துவிடுவார். குளிர் தாங்காத உடம்பு. 1917 முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பாலான காலம் கழிந்தது. அப்படிப் படுத்திருந்தபோதுதான், பார்க்க வந்த ஹார்டி தாம் ஏறிவந்த டாக்சியின் எண் 1729 சுவையற்ற எண் என்று சொல்ல, இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவிதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையிலிருந்தே விடையளித்தார். அந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் அறிவர். விளக்காமல் மேலே செல்கிறோம்.

1919 மார்ச் இறுதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று மருத்துவம் பார்த்தும் பயனில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்த நிலையிலும் சிலேட்டைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்றும், இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை அது நிற்கவில்லை என்றும் மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் நீங்கியது. வயது 32.

ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டு, உடைகள் தைத்துக் கொடுத்துத் தம் காலில் நின்று, சென்னை திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994-இல் மறைந்தார். கணவர் படுக்கையில் எழுதிய கடைசித் தாள்கள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். முன்னர் எழுதிய மூன்று நோட்டுகளிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள். ஒவ்வொன்றாக நிரூபித்து அச்சிட, பெர்ன்ட் என்ற மற்றோர் அமெரிக்கருக்கு ஐந்து பெரிய தொகுதிகளும் இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் தேவைப்பட்டன. முழங்கையால் ஒரு நொடியில் அழிக்கப்பட்ட வழிமுறைகளைத் தேடி எத்தனை பேராசிரியர்களின் ஆயுள்! இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐ இந்திய அரசு தேசியக் கணித நாளாக 2012 முதல் கொண்டாடி வருகிறது.

ஒரு செய்தியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தோம். இங்கிலாந்தில் நோயாளியாகக் கிடந்த நாளில், தாயகம் திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்குத் தெரிவித்தது. 1919 ஜனவரி 11-ஆம் தேதி அதற்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார். தம் தேவைக்கு அவ்வளவு பணம் வேண்டியிராது என்று அதில் குறிப்பிட்டார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம்முடைய அவசியச் செலவும் போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எந்தக் கல்விக்கு என்பதையும் எழுதியிருந்தார்: ஏழைப் பையன்களுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும். உதவிச் சம்பளம் நின்றுபோய், கட்டப் பணமில்லாமல் பதினேழு வயதில் விசாகப்பட்டினம் இரயிலேறிய அந்தப் பையனை அவர் மறந்திருக்கவில்லை.